சுருதி மாற்றும் நேரத்தில் ஜோனி மிட்செல் பேசியவை

கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் பழைய பதிவுகள் அடங்கிய இந்த சிடி பெட்டிகளை வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘இன்ட்ரோ’ என்று பெயர் போட்ட டிராக்குகளைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பாட்டுக்கு முன்னால் ஜோனி மிட்செல் பேசுவதைத் தனியாக வெட்டி, தனி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள், பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் தாண்டிப் போக வசதியாக. நானும் முதல் வாரம் அப்படித்தான் கேட்டேன், பேச்சு வந்தால் அடுத்தது, பேச்சு வந்தால் அடுத்தது என்று. ஒரு ராத்திரி சோம்பலில் கையை நீட்டாமல் விட்டுவிட்டேன். பேச்சு ஓடியது, அதற்கு அடியில் கிடார் கம்பிகள் ஒவ்வொன்றாக இறங்கி ஏறிப் புதிய சுருதிக்குப் போவதும் கேட்டது. மறுநாள் முதல் பெட்டியின் முதல் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்தேன்.

‘ஜோனி மிட்செல் ஆர்கைவ்ஸ்’ வரிசையில் முதல் நான்கு பெட்டிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். முதல் பெட்டி 2020 அக்டோபரில் வந்தது, 1963 முதல் 1967 வரையிலான பதிவுகள். 2021இல் வந்த இரண்டாவது பெட்டி 1968 முதல் 1971 வரை. 2023இல் வந்த மூன்றாவது 1972 முதல் 1975 வரை. 2024இல் வந்த நான்காவது 1976 முதல் 1980 வரை. முதல் மூன்றிலும் ஐந்து சிடி, நான்காவதில் ஆறு. கடைகளில் கிடைக்கும் அவருடைய ஆல்பங்களின் மறுபதிப்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அவை தனியாக வேறு பெட்டிகளில் வருகின்றன. இவற்றில் இருப்பது அந்த ஆல்பங்களுக்கு வெளியே கிடந்தவை: வானொலிப் பதிவு, வீட்டில் எடுத்த டேப், காபி குடித்தபடி பாட்டுக் கேட்கும் சின்ன காபி ஹவுஸ்களில் நடந்த கச்சேரி, ஸ்டூடியோவில் பாதியில் நின்ற முயற்சி, மேடைப் பதிவு. முதல் பெட்டிக்கு 2022இல் வரலாற்றுப் பதிவுகளுக்கான கிராமி விருதும் கிடைத்தது.

எனக்குக் கொஞ்சம் கிடார் வாசிக்க வரும். வழக்கமான சுருதியில், வழக்கமான கார்ட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகளை, பிடிப்பேன், அவ்வளவுதான். பல வருஷங்களுக்கு முன்னால் ஜோனியின் ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டு வாசிக்க முயன்று, இரண்டு வாரம் போராடி, ஒரு கார்ட்கூடப் பொருந்தாமல் விட்டுவிட்டேன். காது மந்தமோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கிடாரின் கம்பிகளே வேறு சுரங்களில் இருந்தன. வழக்கமான சுருதியில் வைத்த கையால் அந்த ஒலியை எட்டவே முடியாது.

அதற்குக் காரணம் அவருடைய இடது கை. 1943இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிறந்து, சாஸ்கட்சுவான் சமவெளியில் வளர்ந்த பெண். ஒன்பது வயதில் போலியோ. பிழைத்து நடந்துவிட்டார், ஆனால் இடது கையில் பலம் குறைந்துவிட்டது. கிடாரில் கார்ட்களை அழுத்திப் பிடிப்பது அந்தக் கைதான். நான்கு விரலையும் நான்கு இடத்தில் வளைத்து அழுத்துவது கஷ்டம் என்றால் என்ன செய்வது? கம்பிகளையே திருகி, விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு கார்ட் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒன்றோ இரண்டோ விரல் போதும். டெட்ராய்ட்டில் இருந்தபோது எரிக் ஆண்டர்சன் என்ற பாடகர் அவருக்கு, விரல் வைக்காமலே ஜி கார்ட் ஒலிக்கும் ஓப்பன் ஜி சுருதியைக் காட்டிக்கொடுத்தார். அங்கிருந்து அவரே தனக்கென்று சுருதிகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார், ஐம்பதுக்கும் மேல் போய்விட்டது. ஆகவே மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கிடாரை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும். முதல் பெட்டியில் இருக்கும் பேச்செல்லாம் அப்படி வந்தது.

சரி, சாஸ்கட்டூனிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் டிஸ்கின் தொடக்கம் 1963 வாக்கில் அங்கே சிஎஃப்கியூசி என்ற வானொலி நிலையத்தில் எடுத்த பதிவு. அப்போது அவர் ஜோனி மிட்செல் கூட இல்லை, ஜோனி ஆண்டர்சன். கையில் இருந்தது பாரிடோன் யுகுலேலி, சின்னக் கிடார் மாதிரி நான்கு கம்பி வாத்தியம். கிடார் கேட்டதற்கு அம்மாவுக்கு அது நாகரிகமில்லாத வாத்தியமாகப் பட்டதால் யுகுலேலியில் போய் முடிந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாடுவதெல்லாம் பழைய நாட்டுப்புறப் பாட்டுகள், சுரங்கத் தொழிலாளிப் பாட்டு, தூக்குமேடைப் பாட்டு, அயர்லாந்துப் பாட்டு. அவர் எழுதியது ஒரு வரி கிடையாது. குரல் மேலே போய்ப் போய் மணி மாதிரி ஒலிக்கிறது, அந்தக் காலத்தில் ஜோன் பயஸ் மாதிரி பாடாத பெண் பாடகி குறைவு, இவரும் அப்படித்தான் பாடுகிறார். ஆனால் ஒலிப்பதிவு எதிர்பாராத தெளிவு. ஒரு உள்ளூர் வானொலியில் சும்மா எடுத்து வைத்த டேப் இத்தனை வருஷம் இப்படித் தாங்கியிருப்பது பெரிய விஷயம்.

இந்தப் பதிவுகளை வெளியிட அவர் பல வருஷம் சம்மதிக்கவில்லை என்பது கேட்கும்போது புரிகிறது. ‘நாட்டுப்புறப் பாடகி’ என்று யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும். இந்தப் பெட்டிக்காகப் பழைய டேப்களை உட்கார்ந்து கேட்டபோதுதான், நான் நாட்டுப்புறப் பாடகியாகத்தான் இருந்திருக்கிறேன், அது அழகாகவும் இருந்திருக்கிறது, என் ஆரம்பத்தை நான் மன்னித்துவிட்டேன் என்கிற பொருளில் சொன்னார். எழுபத்தாறு வயதில் அப்படிச் சொல்ல ஒருவருக்கு மனசு வர வேண்டும். எனக்கு அந்த இடத்தைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

டொரன்டோவில் 1964 அக்டோபரில், யார்க்வில் பகுதியில் ‘ஹாஃப் பீட்’ என்ற இடத்தில் எடுத்த கச்சேரி அடுத்து வருகிறது. கால்கரியில் ஓவியக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு, ரயிலேறி டொரன்டோ வந்து சில மாதம் ஆகியிருந்த நேரம். அங்கே இசைக் கலைஞர்கள் சங்கத்தில் சேரக் கட்டணம் கட்டக் கையில் காசில்லை, துணிக்கடையில் வேலை பார்த்தார். கர்ப்பமாகவும் இருந்தார், தனியாக. 1965 பிப்ரவரியில் குழந்தை பிறந்து, வளர்க்க வழியில்லாமல் தத்துக் கொடுத்தார். 1997இல்தான் மகளை மறுபடி சந்தித்தார். அந்த அக்டோபர் ராத்திரிப் பதிவில் இதற்கு ஒரு அடையாளமும் இல்லை. பழைய பாட்டுகளைப் பாடுகிறார், நன்றி சொல்கிறார். ஒலியும் சாஸ்கட்டூன் பதிவு அளவுக்கு இல்லை. ஆனால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்து கேட்டால் அந்தக் கச்சேரி வேறு மாதிரி கேட்கிறது.

அதன்பிறகு டெட்ராய்ட். 1965இல் சக் மிட்செல் என்ற பாடகரை மணந்து அங்கே போனார், பெயரில் மிட்செல் வந்தது அப்படித்தான். இங்கிருந்துதான் சொந்தப் பாட்டுகள். அம்மா மிர்ட்டில் ஆண்டர்சனின் பிறந்தநாளுக்காக டேப்பில் பாடி அனுப்பியது இரண்டாவது டிஸ்கில் இருக்கிறது. இந்தப் பெட்டி முழுவதிலும் என்னை அசைத்தவற்றில் அது ஒன்று. ஊரை விட்டு வெகுதூரம் வந்த மகள், பரிசு வாங்கி அனுப்பாமல், தான் எழுத ஆரம்பித்திருக்கும் பாட்டுகளைப் பாடி அம்மாவுக்கு அனுப்புகிறாள், இதோ பார் நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வது மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வானொலியில் கேட்ட பெண்ணும் இவரும் ஒருவர்தானா என்று தோன்றும். குளிர்காலம் வருகிறது, வாத்துகள் தெற்கே போகின்றன, எனக்கும் கிளம்பிவிட வேண்டும் போல் இருக்கிறது என்ற அவருடைய பாட்டு அதில் இருக்கிறது. சமவெளியின் குளிரை விட்டு வந்தவருக்குத்தான் அந்தப் பாட்டு வரும். டாம் ரஷ் போன்ற பாடகர்கள் அதை எடுத்துப் பாடியதால்தான் ஜோனியின் பெயர் அமெரிக்க காபி ஹவுஸ்களில் பரவியது, அவருடைய முதல் ஆல்பம் வருவதற்கு வெகுமுன்னால்.

பெட்டியில் அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு அது குறையாகப் படும், ஒரே பாட்டு எத்தனை தடவை என்று. எனக்கு அது பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் வேகம் மாறுகிறது, குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அவருடைய சொந்த இடத்துக்கு வருகிறது. ஆனால் ஒரே மூச்சில் கேட்டால் நிச்சயம் அலுக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிலடெல்பியா பதிவுகளில் ‘செகண்ட் ஃபிரெட்’ என்ற காபி ஹவுஸ் கச்சேரியும், 1967 மார்ச்சில் அந்த ஊர் எஃப்எம் வானொலி நிகழ்ச்சியும் இருக்கின்றன. ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டை அவர் எழுதியது அந்த மார்ச்சில்தான். விமானத்தில் சால் பெல்லோவின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கதையிலும் ஒருவன் விமானத்திலிருந்து மேகங்களைக் குனிந்து பார்க்கிறான், இவரும் ஜன்னல் வழியே குனிந்து பார்க்கிறார், பாட்டு பிறந்துவிட்டது. எழுதிக் கொஞ்ச நாளே ஆன நிலையில் வானொலியில் பாடுகிறார். உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு, 1968இல் ஜூடி காலின்ஸ் குரலில் அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் போனது, பின்னால் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். இங்கே அது யாருக்கும் தெரியாத புதுப் பாட்டு. அந்தப் பாட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது எதுவும் பாடுகிறவருக்குத் தெரியாது. அப்படியொரு பதிவைக் கேட்கக் கிடைப்பது அபூர்வம். இருபத்து மூன்று வயதில் எழுதிய அதே பாட்டை ஐம்பத்தாறு வயதில், சிகரெட்டால் கனத்துப்போன குரலில், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடி 2000ஆம் ஆண்டு ஆல்பமாக வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் முதல் பெட்டியின் உயிர் ஆன் ஆர்பரில் இருக்கிறது. 1967 அக்டோபர் 27, மிச்சிகன் பல்கலைக்கழக ஊர், ‘கேன்டர்பரி ஹவுஸ்’, ஒரே ராத்திரியில் மூன்று சுற்றுக் கச்சேரி. கடைசி இரண்டு டிஸ்கும் கிட்டத்தட்ட இதற்குத்தான். கணவரைப் பிரிந்து நியூயார்க் செல்சி பகுதிக்குக் குடிவந்து சில மாதம் ஆன காலம், அந்த நகரத்தின் காலை வெளிச்சமும் தெருச் சத்தமும் பாட்டுகளுக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதி மாற்றுகிறார், பேசுகிறார். இந்தப் பாட்டு யாரைப் பற்றியது, எங்கே எழுதினேன், அந்தத் தெருவில் என்ன இருந்தது என்று சிரித்துக்கொண்டே போகிறார், நடுவில் கம்பி சரியாக நிற்கவில்லை என்றால் பேச்சும் நீளுகிறது. சில கதைகள் சரியாக முடிவதில்லை, கிடார் தயாராகிவிட்டால் கதையை அப்படியே விட்டுவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார். அறையில் இருக்கிறவர்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று சிரிப்புச் சத்தத்திலேயே தெரிகிறது. தத்துக் கொடுத்த மகளை நினைத்து எழுதிய பாட்டையும் அன்று பாடுகிறார், நான்கு வருஷம் கழித்து ஆல்பத்தில் வந்த பாட்டு. 

‘சர்க்கிள் கேம்’ பாட்டும் அன்று உண்டு. வின்னிபெக்கில் பழக்கமான பாடகர் நீல் யங், பத்தொன்பது வயதிலேயே இளமை போய்விட்டதே என்று வருந்தி ஒரு பாட்டு எழுதியிருந்தார், அதற்கு ஆறுதலாக ஜோனி எழுதிய பதில் இது. அடுத்த வருஷம் நீல் யங் தன் பாட்டைப் பதிவு செய்ததும் இதே கேன்டர்பரி ஹவுஸில்தான். கேள்வியும் பதிலும் ஒரே அறையில், ஒரு வருஷ இடைவெளியில், பதில் முதலில். இது தெரிந்தபோது அன்றைக்கு வேறு எதையும் கேட்கவில்லை.

முதல் பெட்டியில், அவர் குரலில் அதுவரை வெளிவராத சொந்தப் பாட்டுகள் மட்டும் 29. எல்லாம் பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பாட்டுகள் ஏன் விட்டுப்போயின என்று கேட்டவுடனே தெரிகிறது, வார்த்தைகள் அலங்காரமாக இருக்கின்றன, கதாபாத்திரங்களுக்குப் பொம்மைத்தனம் இருக்கிறது. அந்த வயதில் எழுதுகிற யாரும் எழுதுவதுதான். ஆனால் ஒரு பாடலாசிரியர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று தெரிந்துகொள்ள அந்த விட்டுப்போனவை வேண்டும். பாட்டு எழுதுகிறவர்கள், எந்த மொழியில் எழுதினாலும் சரி, இதற்காகவே இந்தப் பெட்டியைக் கேட்கலாம்.

இரண்டாவது பெட்டியை நான் வாங்கியது ஒரே ஒரு கச்சேரிக்காக. 1968 மார்ச் 19, கனடாவின் ஒட்டாவா, ‘லெ ஹிபூ’ காபி ஹவுஸ். அன்று அதே ஊரில் ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கும் கச்சேரி. அவர் தன் கச்சேரியை முடித்துவிட்டு, ஒரு பெரிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இந்தச் சின்ன இடத்துக்கு வந்தார். மேடையருகே மண்டியிட்டு உட்கார்ந்து, மைக்கை வைத்து, ஜோனி பாடியதைத் தானே பதிவு செய்தார். அன்றைய நாட்குறிப்பில் இந்தப் பெண்ணையும் அவருடைய சொர்க்கத்துச் சொற்களையும் வியந்து எழுதியிருக்கிறார். சில நாளில் அந்த டேப்கள் திருடு போயின. ஹென்ட்ரிக்ஸ் 1970இல் இறந்துபோனார். டேப் போனது போனதுதான் என்று எல்லோரும் நினைத்திருக்க, கனடாவின் தேசிய நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்துக்கு வந்த ஒரு தனியார் சேகரிப்புக்குள் அது கிடைத்தது. இப்போது நாம் கேட்பது அதுதான். உலகத்திலேயே சத்தமாகக் கிடார் வாசித்த மனிதர் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பெண் ஒற்றைக் கிடாரோடு மெதுவாகப் பாடுவதை ஒரு சத்தமும் போடாமல் பிடித்து வைத்த ஒலி. பதிவும் அருமை. கிடார் அவ்வளவு பக்கத்தில் ஒலிக்கிறது, நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஹென்ட்ரிக்ஸ் உட்கார்ந்த இடம்.

அந்தப் பெட்டியில் 1969 பிப்ரவரி கார்னகி ஹால் கச்சேரியும் இருக்கிறது. காபி ஹவுஸில் பேசிய அதே பேச்சை அவ்வளவு பெரிய அரங்கத்தில் பேசுகிறார், கொஞ்சம் பயந்துகொண்டு. இதற்குள் நகரம் மாறிவிட்டது. 1967இல் ஃபுளோரிடாவில் ஒரு கிளப்பில் பாடகர் டேவிட் கிராஸ்பி இவரைக் கேட்டு, லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துப் போய், முதல் ஆல்பத்தைத் தயாரித்தார். லாரல் கேன்யன் மலைச்சரிவில் வீடு, பாடகர் கிரஹாம் நாஷோடு வாழ்க்கை, பியானோ. அந்தக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் வேகமாகப் போகிறேன். 1970இல் அந்த வாழ்க்கையை விட்டு ஐரோப்பா போனார், கிரீட் தீவின் மட்டாலா கிராமத்தில் இருந்தார், கையில் டல்சிமர் என்ற சின்ன மடிவாத்தியம் இருந்தது. திரும்பும்போது ‘புளூ’ ஆல்பத்துக்கான பாட்டுகள் சேர்ந்திருந்தன. லண்டனில் பிபிசிக்காக 1970 அக்டோபரில் பாடகர் ஜேம்ஸ் டெய்லரோடு பாடிய கச்சேரியில், அந்த ஆல்பம் வருவதற்கு முன்னால் அந்தப் பாட்டுகள் சிலவற்றைக் கேட்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாமலே தெரியும். இரண்டாவது பெட்டியில் ஒட்டாவாவுக்கு அடுத்து நான் அடிக்கடி திரும்பிப் போவது அங்கேதான்.

மூன்றாவது பெட்டியில் பாணி மாறுகிறது. அது ஏன் மாறியது என்பதை நான்கு பெட்டிகளையும் வரிசையாகக் கேட்ட பிறகுதான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. நாட்டுப்புறத்தில் தொடங்கி, ராக்குக்கு வந்து, ஜாஸுக்குப் போனார் என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குள் நுழைந்த மாதிரி. அப்படி இல்லை. அவருடைய சுருதிகளிலிருந்து வந்த கார்ட்கள் வழக்கமான கார்ட்கள் அல்ல, முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டு நிற்பவை. கேள்வி கேட்கும் கார்ட்கள் என்பது அவரே வைத்த பெயர். அவற்றுக்கு என்ன பெயர் என்று அவருக்கே தெரியாது, அவர் கண்டது ஒலியைத்தான். ராக் ஸ்டூடியோ ஆட்கள் கூட வாசிக்க வந்தபோது, அவர்களுக்கு எந்த இடத்தில் அடிக்க வேண்டும், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்று பிடிபடவில்லை. ஜாஸ் வாசிக்கிற ஆட்களைத் தேடு என்று ஒரு டிரம்மரே சொன்னதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில் பலம் போன கைதான் அவரை ஜாஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, நடுவில் வந்த ஊர்களில் எல்லாம் அந்தக் கைக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. முதல் பெட்டியில் கம்பி திருகும் சத்தத்தைத் தள்ளிவிட்டுப் போனவர்களுக்கு இது கேட்காது.

லாஸ் ஏஞ்சலஸில் டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழு அமைந்தது, 1974 ஜனவரியில் ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ வந்தது, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாவது இடம் வரை போனது. மூன்றாவது பெட்டியில் அந்த ஆல்பத்தின் பாட்டுகள் சிலவற்றைத் தனியாகப் பியானோவில் ஒன்றோடொன்று கோத்து ஒரே ஓட்டமாக வாசித்துப் பாடிய டெமோ, அதாவது முன்னோட்டப் பதிவு, ஒன்று இருக்கிறது. அதற்காக மட்டுமே இந்தப் பெட்டியைச் சிபாரிசு செய்வேன். பின்னால் காற்றிசை, தந்தியிசை எல்லாம் வந்து உட்காரப்போகும் இடங்கள் அவருடைய பத்து விரலிலும் ஏற்கெனவே இருக்கின்றன. குழுவோடு 1974 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கத்தில் பாடியது நல்ல ஒலி, நல்ல கச்சேரி, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பின்னால் இத்தனை பேர் காத்திருக்கும்போது ஒரு ஆள் நிதானமாகக் கம்பி திருகிக்கொண்டு கதை சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு இழப்பாகத்தான் பட்டது.

நான்காவது பெட்டி எல்லோருக்கும் ஆனது அல்ல, நான் வைத்திருப்பதிலேயே அதிகம் தேய்ந்தது அதுதான் என்றாலும். 1976 முதல் என்று போட்டிருந்தாலும், 1975 இறுதியில் பாப் டிலனின் ரோலிங் தண்டர் கச்சேரிப் பயணத்தில் சேர்ந்துகொண்டு ஊர் ஊராகப் பாடியதில் தொடங்குகிறது. அடுத்த வருஷம் நண்பர்களோடு காரில் மெயின் மாநிலம் வரை போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாகவே ஓட்டிக்கொண்டு திரும்பினார். ‘ஹெஜிரா’ ஆல்பம் அந்தச் சாலையில் பிறந்தது. பெயரே நபிகள் மக்காவை விட்டு மதீனா போன பயணத்தின் பெயர். அதில் நான்கு பாட்டுகளில் ஜாக்கோ பஸ்டோரியஸ் பேஸ் வாசித்தார், கீழே நின்று தாங்கும் பேஸ் அல்ல, இரண்டாவது குரல் மாதிரி கூடவே பாடும் பேஸ். அந்த ஆல்பத்தின் டெமோக்கள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன, ஜாக்கோ வருவதற்கு முந்தைய நிலையில். இத்தனை வருஷம் ஆல்பத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் ஏதோ காணாமல் போனது போலிருந்தது. இரண்டாவது தடவைதான் கேட்டது, கிடாரிலேயே அந்த வெட்டவெளிச் சாலை முழுவதும் இருந்திருக்கிறது.

அதற்கு மேல் சார்லஸ் மிங்கஸ். ஜாஸ் உலகின் பெரிய பேஸ் கலைஞர், நரம்பு நோயால் கைகள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபோது, ஜோனியை அழைத்துத் தன் மெட்டுகளுக்குச் சொல் எழுதச் சொன்னார். 1979 ஜனவரியில், 56 வயதில், மெக்சிகோவில் இறந்துவிட்டார். ஆல்பம் அந்த ஜூனில் வந்தது, அவரால் முழுதாகக் கேட்க முடியவில்லை. ஆல்பத்துக்கு முன்னால் வேறு மாதிரி செய்துபார்த்த முயற்சிகள் இங்கே இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாக வரவில்லை, சில இடங்களில் சொற்கள் மெட்டின் மேல் ஏறி உட்காரத் தடுமாறுகின்றன. வேறொருவரின் மெட்டுக்கு எழுதி அவருக்குப் பழக்கமில்லை என்பது தெரிகிறது. இருந்தாலும் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், ரசிகர்கள் கலைந்து போவார்கள் என்று தெரிந்தும், அந்த வேலையை முழு மனதோடு செய்திருக்கிறார். அதை அரைகுறைப் பதிவிலும் கேட்க முடிகிறது.

இனி வாங்குகிறவர்களுக்கு உதவுகிற விஷயங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு புத்தகம் இருக்கிறது, கேமரன் குரோ என்ற இயக்குநர் ஜோனியோடு உட்கார்ந்து பேசியது. பத்திரிகையாளராக இருந்த காலத்திலிருந்து அவருக்கு ஜோனியைத் தெரியும், அதனால் பேட்டி என்ற இறுக்கமே இல்லை. படங்களும் நிறைய. ஆன்லைனில் பாட்டை மட்டும் கேட்டால் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பேச்சு கிடைக்காது, நான் சிடி வாங்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். எனக்கு வந்த ஒரு பெட்டி மூலை நசுங்கி, உள்ளே ஒரு டிஸ்க் கீறலோடு வந்தது, வாங்கிய இடத்தில் மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. வந்தவுடனே பிரித்து எல்லா டிஸ்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து நான்காவது டிஸ்கில் தட்டினால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். எல்பி இசைத்தட்டு விரும்புகிறவர்களுக்கு சாஸ்கட்டூன் வானொலிப் பதிவு தனி எல்பியாகவும், ஆன் ஆர்பர் கச்சேரி மூன்று எல்பியாகவும் வந்திருக்கின்றன. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், முதலாவது தீவிர ரசிகர்களுக்கு.

ஜோனியை இதுவரை கேட்டதே இல்லை என்றால் இந்தப் பெட்டிகளில் ஆரம்பிக்காதீர்கள். ‘புளூ’, ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’, ‘ஹெஜிரா’ மூன்றையும் முதலில் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கொடுங்கள். அவை உள்ளே இறங்கிய பிறகுதான் இந்த டேப்கள் பேசும். ஏற்கெனவே தெரிந்தவர்கள், ஒரே ஒரு பெட்டிக்குத்தான் வசதி என்றால், முதல் பெட்டி. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

1995 வாக்கில், சுருதிகளை மின்னணு முறையில் நினைவில் வைத்திருந்து நொடியில் மாற்றிக் கொடுக்கும் கிடார் கருவி அவருக்குக் கிடைத்தது. கம்பி திருகும் வேலை போயிற்று. 2015இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, நடப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியதாயிற்று. கிடாரையும்தான். தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்து, விரலை எங்கே வைத்தேன் என்று தேடித் தேடிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில், எழுபத்தெட்டு வயதில், கிடாரை எடுத்துத் தனியாக வாசித்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆன் ஆர்பர் டிஸ்கைப் போட்டேன். மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குகிறது, ஒரு கம்பி மெல்ல இறங்குகிறது, அவர் பேச ஆரம்பிக்கிறார்.